அஞ்சறைப் பெட்டியில் ஒரு ஜீப்

என் அப்பா அரசு டிரைவர். இருபது ஆண்டுகளில் அவர் வண்டி ஓட்டிய தூரத்தையெல்லாம் கூட்டினால் காரைக்காலிலிருந்து நாகூர் வரை வந்தாலே அதிகம். அவர் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு ஜீப். இரண்டாம் உலகப் போரில் ஓடிய அது யார் யார் கையிலோ மாறி, கடைசியில் எங்கள் ஊர் அரசுக் கிடங்கில் ‘ரிசர்வ்’ என்ற பெயரில் நின்றது. புயல் வந்தால் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. புயல் வந்தபோது, ஜீப் நனைந்துவிடும் என்று கிடங்கைப் பூட்டிவிட்டார்கள். பக்கத்தில் அதே போரைப் பார்த்த லாரி ஒன்றும் நின்றது. அதற்குள் எஞ்சின் இல்லை, எங்கள் கோழிகள் இருந்தன.

ஆண்டுக்கொருமுறை புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பைப் பார்வையிட வருவார். அது நன்றாக ஓடினால் புதுச்சேரிக்கே கொண்டுபோய்விடுவார்கள். அடியோடு படுத்துவிட்டால் ஏலத்தில் போய்விடும். எப்படிப் போனாலும், வண்டியில்லாத டிரைவரை ஏனாமுக்கோ மாஹேவுக்கோ தூக்கியடிப்பார்கள். “தெலுங்கு பேசி நான் எப்புடிங்க கத்திரிக்கா வாங்குவேன்?” என்று அம்மா கேட்பார். ஆகவே ஜீப் சாகவும் கூடாது, பிழைக்கவும் கூடாது. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. அது அப்பா எழுதும் பரீட்சை என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஜீப்பின் உயிர் எங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருந்தது. பழுப்பு நிறத்தில், கட்டை விரல் அளவில், தலையில் பித்தளைத் தகடு வைத்த ஒரு சாமான். ரோட்டர் என்பார் அப்பா. அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது. உப்புக்காற்று படாமலிருக்க வெந்தயத்தோடு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதை எடுத்துப்போய்ப் பொருத்தி, என்னை ஏற்றிக்கொண்டு காம்பவுண்டுக்குள் மூன்று சுற்று வருவார். அப்போது எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அதிகாரி வந்த நாளில் அம்மா கடுகு எடுத்துவரச் சொன்னார். பெட்டியைத் திறந்தால் ரோட்டர் அங்கேயே கிடக்கிறது. அப்பா மறந்துவிட்டார், பரீட்சையில் கோட்டை விடப் போகிறார் என்று எனக்குப் பதறியது. அதை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினேன்.

அங்கே பியூன் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி வியர்த்துப் போயிருந்தார்.

“உசிரு இருக்குங்க சார், எந்திரிக்கத்தான் மாட்டேங்குது. கொஞ்சம் டைம் குடுத்தீங்கன்னா தேத்திப்புடலாம்,” என்று அப்பா அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அப்பா, இத வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்க.”

பியூன் ஹேண்டிலை விட்டுவிட்டார். அப்பா கோழிகளைப் பார்த்தார். அதிகாரி என் கையிலிருந்ததை வாங்கித் திருப்பிப் பார்த்தார், பிறகு முகர்ந்தார்.

“வெந்தயம்,” என்றார். “இது வேற ஏதோ சாமான். இந்த வண்டிக்குச் சேராது.”

“இல்ல சார், இதப் போட்டாத்தான் ஓடும்,” என்றேன்.

அப்பா என் தோளைப் பிடித்தார். தலையைக் குனிந்துகொண்டார். தோற்றுப்போன வெட்கம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அதிகாரி ரோட்டரை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“எடுத்த எடத்துலயே வச்சிரு பாப்பா. அடுத்த வருசமும் நான் வரணும்ல.”

‘பழுது பார்க்கத்தக்கது, ரிசர்வில் வைக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கருக்களாச்சேரிக் கொடுவாய்மீன் குழம்பு. அம்மா பரிமாறிக்கொண்டே, “விழிதியூர்ல உங்கம்மா நல்லாருக்காங்களா சார்?” என்று கேட்டார்.

“இனிமேதாங்க போவணும். தனியாத்தான் இருக்காங்க. லீவு கேட்டா எங்க குடுக்குறாங்க? இந்த ஜீப்பு புண்ணியத்துலதான் வருசத்துல ரெண்டு நாளு அம்மா கையால சாப்புடுறேன்.”

அம்மா கொஞ்சம் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தார். அதிகாரி விழிதியூர் பஸ்ஸில் ஏறிப் போனார். அன்று மாலை அப்பா எனக்கு அல்வா வாங்கி வந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அல்வாவைத் தின்றுவிட்டு, மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். இரண்டு பெரிய மனிதர்கள் சேர்ந்தும், ஒரு ஜீப்பைக் கிளப்பத் தெரியவில்லையே.