வெற்றிலை வாயும் வெளிநாட்டுப் படிப்பும்

வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்க எனக்குக் காசு கிடைக்கும் போலிருக்கிறது என்று தெரிந்த அன்று, வீட்டில் ஆளுக்கொரு கதை.

"அந்தக் குளிருக்கு நீ என்னகா செய்வாய்?" என்றாள் சித்தி.

"காது கேளாத புள்ளைகளுக்குப் படிப்பிக்கிறதைப் படிக்க அவ்வளவு தூரம் போகோணுமா? இஞ்ச நான் சொல்லுறதை ஆர் கேக்கிறாங்க?" என்றார் மாமா.

நான் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அறுபதுகளில் மட்டக்களப்பு நகரத்தில், காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடமொன்றில் நான் ஆசிரியை. பட்டம் எடுத்தது வீட்டுக் குசினி மேசையில், புத்தகத்தை நானே புரட்டி, வெளிவாரியாக. அதற்கு மேலே படிக்கத்தான் இந்தப் புலமைப்பரிசில். அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது, பள்ளிக்கூடத்தை விட்டதும் அவர்களை எப்படி ஒரு தொழிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் படிப்பு. கப்பல் செலவு, சாப்பாடு, எல்லாம் காசு கொடுக்கிறவர்கள் பொறுப்பு. ஒரேயொரு நிபந்தனை: நான் வேலைக்கு அனுப்பிய மாணவன் ஒருவனைக் கொழும்பிலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அவர் சரியென்றால் நான் போகலாம்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. பிள்ளைகள் உதட்டைப் பார்த்து விளங்க வேண்டும், வாயால் பதில் சொல்ல வேண்டும், கையால் பேசக்கூடாது. வகுப்பில் எல்லாக் கையும் மேசைமேல் சமர்த்தாகக் கிடக்கும். நாங்கள் முதுகைத் திருப்பினால் போதும், விடுதி முழுக்கக் கைகள் மீன் சந்தை போடும். அந்தக் கைப்பேச்சில் எங்கள் எல்லோருக்கும் பெயரும் உண்டு. என் பெயர், வாய்க்குப் பக்கத்தில் விரல்களைத் திறந்து திறந்து மூடுவது. ஓயாமல் அலட்டுகிறவள் என்று பொருள். பிழை சொல்ல முடியாது.

நான் வேலைக்கு அனுப்பிய பொடியன் வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கத்தவன். கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட ஒரு நெல் குத்தும் மில்லின் முதலாளி அவனைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். நான் ஒரு தவணை முழுக்கக் கண்ணாடி முன்னால் அவனை இருத்தி, 'உமி', 'தவிடு', 'சாக்கை எடு', 'இஞ்சினை நிப்பாட்டு' என்று உதட்டைக் கோணிக் கோணிப் பழக்கினேன். பொடியன் என் உதட்டில் எதையும் தவறவிட மாட்டான்.

அவன் வேலைக்குப் போன பிறகு ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். மில்லுக்குள் ஒருத்தருக்கும் உதடே இல்லை. இஞ்சின் போடுகிற சத்தத்தில் கத்தினாலும் கேளாது. தவிட்டுத் தூள் தொண்டைக்குள் போகாமலிருக்க எல்லோரும் வாய் நிறைய வெற்றிலையை அடக்கி, வாயைப் பூட்டி வைத்திருந்தார்கள். வேலையெல்லாம் கையால்தான் நடந்தது. சாக்கு நிறைந்தால் ஒரு கை, கல் வந்தால் ஒரு கை, முதலாளி வருகிறார் என்றால் வயிற்றைச் சுற்றி ஒரு பெரிய கை. பொடியன் என்னைக் கண்டதும் ஓடிவந்து, 'இஞ்ச எல்லாருக்கும் என்ர பாஷை தெரியும்!' என்று கையாலேயே சொன்னான்.

முதலாளி வெளியே வந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "டீச்சர், முதல் நாளே கதை விளங்கின ஆள் இவன்தான். மத்தவனுகளுக்கு நான் மாசக்கணக்கில குளறினனான்."

கைப்பேச்சுக் கூடாதென்ற சட்டமே கொழும்பிலிருந்து வந்ததுதான். அதிகாரி இதைக் கண்டால் என் கப்பல் போய்விடும். முதலாளியிடம் கெஞ்சினேன்: "அவர் வாற அண்டைக்கு மட்டும் ஒருத்தரும் வெத்திலை போடவேண்டாம். கையை ஆட்டவும் வேண்டாம். வாயால கதைச்சாப் போதும்."

"வெத்திலையைத் துப்பச் சொல்லுறீங்க. கையைக் கட்டச் சொல்லுறீங்க. மறுகா மில்லு எப்பிடி ஓடும்? சரி, உங்களுக்காக ஒரு நாளைக்குப் பைத்தியக்காரனா நிக்கிறம்."

அந்த நாளும் வந்தது. வாவியைக் கடக்க நாங்கள் 'பாதை' என்கிற மிதவையில்தான் அதிகாரியைக் கூட்டிப் போனேன். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை. மில்லுக்குள் எல்லோரும் வாய் கழுவி, கையைப் பின்னால் கட்டி, பூசைக்கு வந்தவர்கள்போல நின்றார்கள். முதலாளி பொடியனுக்கு முன்னால் போய் வாயை ஆவென்று திறந்து, "சாக்கை எடு!" என்றார். முதலாளியின் பல்லைப் பொடியன் அன்றுதான் முதன்முதல் பார்க்கிறான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்கத் தொடங்கினான்.

அதற்குள் சாக்கு நிறைந்துவிட்டது. சொல்ல ஒரு கையும் இல்லை. அரிசி வழிந்தது. இஞ்சின்காரன் முதலாளியைப் பார்த்தான்; முதலாளி என்னைப் பார்த்தார்; நான் கூரையைப் பார்த்தேன். அரிசி மெல்ல மெல்ல அதிகாரியின் சப்பாத்தை மூடியது. அவர் ஏதோ கத்த வாயைத் திறந்தார். தவிட்டுத் தூள் உள்ளே போய்விட்டது. இருமி இருமி, கடைசியில் இரண்டு கையையும் தலைக்குமேலே தூக்கி, குறுக்கே வெட்டி வெட்டி ஆட்டினார்.

சிரித்துக்கொண்டிருந்த பொடியன் துள்ளி நிமிர்ந்தான். இஞ்சின்காரனுக்கு ஒரு கை காட்டினான். இஞ்சின் நின்றது.

மில் முழுக்க அமைதி. அதிகாரியின் இருமல் மட்டும்.

"சேர்," என்றார் முதலாளி மரியாதையாக, "நீங்க கதைச்சது அவனுக்கு விளங்கிட்டு."

அதிகாரி தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவங்களுக்குக் கைப்பேச்சுப் பழக்கினது யார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி சொன்னார்: "தவிடு, சேர். இந்தத் தூளுக்கையும் சத்தத்துக்கையும் கொஞ்சம் நிண்டா உங்களுக்கும் வரும். வந்திட்டே!"

அதிகாரி சப்பாத்திலிருந்து அரிசியைக் கொட்டினார். பிறகு பொடியனுக்கு நேரே நின்று, மெதுவாக, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்: 'இந்த வேலை உனக்குப் பிடிச்சிருக்கா?'

"ஓம்!" என்றான் பொடியன், கூரை அதிர. என் கண்ணாடி முழுக்க வீண்போகவில்லை.

முதலாளி வெற்றிலை வட்டாவை நீட்டினார். எங்கள் பக்கத்தில் வட்டாவை வேண்டாமென்று தள்ளினால் வீட்டாளையே தள்ளியது மாதிரி. யாரோ இதை அதிகாரிக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். பழக்கமில்லாத மனிதர், பாக்கும் சுண்ணாம்பும் தாராளமாய் வைத்து ஒரே வாயாய்ப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கன்னம் இரண்டும் ஊதிவிட்டன. துப்பப் படிக்கம் வேண்டுமென்று கண்ணால் தேடினார். முதலாளிக்கு அது விளங்காத மாதிரி ஒரு முகம்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குப் பொறுமை போனது. "சேர், அப்ப என்ர விசயம்?"

அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. சட்டையோ வெள்ளை. கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு கையைக் கப்பல்போலக் குவித்து, அலையில் ஆடுவது மாதிரி அசைத்து அசைத்து, கதவுப் பக்கமாய்த் தூரத்துக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு, குளிரில் நடுங்குகிற ஆள்போலத் தோள் இரண்டையும் தேய்த்துக் காட்டினார்.

எனக்கு விளங்குவதற்குள் பொடியனுக்கு விளங்கிவிட்டது. மில்காரர்களுக்குத் திரும்பிச் சொன்னான். கப்பல், கடல், குளிர்; அதற்கு முன்னால், யார் போகிறார் என்று தெரிய வேண்டுமே, வாய்க்குப் பக்கத்தில் விரல்களைப் படபடவென்று திறந்து மூடினான்.

அது என்ன என்று அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

"அது டீச்சரிட பேர், சேர்," என்றார் முதலாளி. "வாய் மூடாத ஆள் எண்டு."

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெற்றிலையையும்தான்.

திரும்பி வருகையில், பாதை மிதவையில், மார்பில் பெரிய சிவப்புப் பூவோடு அவர் வாவியைப் பார்த்தபடி நின்றார். தன் அறிக்கையில் அந்தச் சட்டையைப் பற்றி அவர் எழுதவில்லையாம். கைகளைப் பற்றியும் எழுதவில்லை. நான் கப்பல் ஏறினேன்.