கோப்ரா லில்லி எத்தனை சென்டிமீட்டர்?

என் மகளுக்கு வேறு செடியே கிடைக்கவில்லை. ஒரு செம்பருத்திக் குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து நட்டிருந்தால் ஆறே மாதத்தில் பூத்திருக்கும், அவளும் வீட்டுக்கு வந்திருப்பாள். கோப்ரா லில்லியாம்! மலைக்காட்டில் மர நிழலில் கிடக்க வேண்டியதை மன்னார்குடிப் பக்கத்துக் கொல்லையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாலு வருஷமாக என் உயிரை வாங்குகிறாள்.

அவளுக்குக் கொடைக்கானல் பக்கம் ஒரு நர்சரியில் வேலை. கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். வேறு சாதி. என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை இரண்டு பேரும் வந்தார்கள். இவர் முகம் கொடுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனவர், அவர்கள் பஸ் ஏறும்வரை திரும்பவே இல்லை. அன்றைக்குத்தான் அவள் நார்த்தை மரத்தடியில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் அந்தக் கிழங்கை நட்டாள். புளியங்கொட்டை அளவுதான் இருந்தது.

"பெருசானா இடுப்பு உயரம் வரும்மா. பாம்பு படம் எடுத்த மாதிரி பூக்கும். பூத்ததும் சொல்லு, வர்றேன்."

"எப்ப பூக்கும்?"

"நாலஞ்சு வருஷம் ஆகும்."

அப்பனுக்குத் தப்பாத பிடிவாதம். அவர் வா என்று சொல்ல மாட்டார், இவள் கூப்பிடாமல் வர மாட்டாள். நடுவில் நான் ஒரு கிழங்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் பிள்ளைகளை நிறுத்தி உயரமும் எடையும் பார்ப்பது என் வேலை. இரண்டு மாதம் ஒரு பிள்ளை வளராமல் நின்றால், அதன் அம்மாவைக் கூப்பிட்டு உலுக்கி எடுத்துவிடுவேன். அப்படிப்பட்டவள் வீட்டுத் தொட்டியில் ஒரு செடி ஒரு சாணைத் தாண்ட மாட்டேன் என்கிறது. யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வரும். சாப்பிட்டாயா, முட்டிவலி தேவலையா, ஒன்றும் கிடையாது. "அம்மா, எத்தனை சென்டிமீட்டர்?" இதுதான் முதல் கேள்வி. நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். முதல் வருஷம் ஒன்பது. அடுத்த வருஷம் பதினாலு. அப்புறம் பத்தொன்பது. இந்த வருஷம் இருபத்திரண்டு. ஒரே தண்டு, அதன் தலையில் ஒரே இலை. அது குடை மாதிரி விரிந்துகொண்டு என்னையே பார்க்கும்.

முதல் வருஷம் கார்த்திகையில் அந்த இலையும் மஞ்சளடித்துச் சரிந்துவிட்டது. செத்தே போச்சு என்று நினைத்து உட்கார்ந்து அழுதேன். போனில் அவளிடம், "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று புளுகினேன்.

"என்னம்மா சொல்றே? இந்நேரம் இலை விழுந்திருக்கணுமே! கிழங்கு தூங்கப் போயிடும். மறுபடி ஆடியில முளைக்கும்" என்றாள். இதை நட்ட அன்றைக்கே சொன்னால் வாயில் முத்து உதிர்ந்துவிடுமா?

அதிலிருந்து வருஷா வருஷம் மார்கழி தொடங்கி ஆனி வரைக்கும் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூங்குகிற கிழங்குக்குத் தாகம் எடுக்குமே என்று தினமும் ஒரு செம்பு தண்ணீர் வேறு ஊற்றினேன். இவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நக்கலடிப்பார். "நூத்திப்பத்து நாள்ல குறுவை நெல்லே வீடு வந்து சேர்ந்துடுது. இது என்னாடி, கலெக்டர் ஆகப் போற மாதிரி இவ்வளவு நாள் எடுத்துக்குது?"

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு ஞாயிறு. காலையில் எழுந்து கொல்லைக்குப் போனேன். வேலியோரத்தில் இருந்த கருணைக்கிழங்கைத் தோண்டி, பொங்கல் குழம்புக்காகச் சுவரோரம் குவித்து வைத்திருந்தார் இவர். வருஷா வருஷம் செய்வதுதான். இலை காய்ந்தால் கருணையைத் தோண்டிவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திரும்பித் தொட்டியைப் பார்த்தேன். அதிலும் மண் புரண்டு கிடந்தது. இந்த வருஷம் மழை தள்ளிப்போனதில் போன வாரம்தான் இலை மஞ்சளடித்திருந்தது. காய்ந்த தண்டு ஒரு பக்கம் கிடந்தது. கிழங்கைக் காணோம்.

இவரைத் தேடினால் ஆள் இல்லை. அறுப்பு மெஷின்காரர் வந்திருக்கிறார் என்று வயலுக்குப் போயிருந்தார். போன் அடித்தால் எடுக்கவில்லை. குவியலைக் கலைத்து ஒவ்வொரு கிழங்காகத் தேய்த்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. கை அரித்ததுதான் மிச்சம். அந்தக் கையைச் சொறிந்துகொண்டே இருக்கும்போது சொல்லிவைத்த மாதிரி மணி பதினொன்று.

"அம்மா, இலை விழுந்துடுச்சா?"

புளுகுவதற்கு எனக்குத் தெம்பில்லை. "உங்கப்பா தோண்டிட்டாருடி. கருணையோட கருணையாப் போட்டுட்டாரு. போச்சு, எல்லாம் போச்சு!"

அந்த நேரம் பார்த்து, நெல் கொட்டப் படுதா எடுத்துப் போக இவர் வந்தார். நான் போட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கால்கூடக் கழுவாமல் உள்ளே போய்ப் பரணில் கையை விட்டு, துருப்பிடித்த ஒரு பால்பவுடர் டின்னை எடுத்து வந்தார். டின் நிறைய அடுப்புச் சாம்பல். அதற்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். சின்னக் கொய்யாக்காய் அளவில் ஒரு கிழங்கு.

"இதுவும் கருணைச் சாதிதானே? மழை ஊறின மண்ணுல கிடந்தா அழுகிடும். வருஷா வருஷம் எடுத்துச் சாம்பல்ல வச்சு, ஆனியில திரும்ப நட்டுட்டுத்தான் இருக்கேன். இன்னைக்கு மெஷின்காரன் கூப்பிட்டதுல மண்ணை மூட மறந்துட்டேன்."

"அப்ப நான் மூணு வருஷமா வெறுந்தொட்டிக்கா தண்ணி ஊத்தினேன்?"

"ஆமா."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"நீ கேக்கலையே" என்றார். பிறகு போனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "அவகிட்ட சொல்லு. நீ தண்டை அளந்து பிரயோசனம் இல்லைன்னு சொல்லு. வளர்த்தி எல்லாம் கீழதான். முத வருஷம் கொட்டைப்பாக்கு அளவு, அடுத்த வருஷம் நெல்லிக்கா, போன வருஷம் எலுமிச்சங்கா. சொல்லு அவகிட்ட."

நாலு வருஷம் இதே பாட்டு. அவகிட்ட சொல்லு, அவர்கிட்ட சொல்லு. அரிக்கிற கையோடு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நான் என்ன தண்டோரா போடுறவளா? நீங்களே சொல்லுங்க!" என்று போனை அவர் கையில் திணித்துவிட்டேன்.

வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். கையிலிருந்த கிழங்கைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"கொய்யாக்கா அளவு ஆயிடுச்சும்மா" என்றார். "பூக்கும். எந்த வருஷம்னுதான் சொல்லத் தெரியலை." கிழங்கைத் திருப்பிப் பார்த்தார். "பூத்தாதான் வருவியா?"

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் 'ம்', 'ம்' என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்து டின்னை மூடினார். மெஷின்காரரையும் மறந்துவிட்டு மண்வெட்டியைத் தேடி எடுத்தார்.

"இந்தக் கருணை பத்தாது. பொங்கலுக்கு இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கல்ல?"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலியோரம் நடந்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தொட்டிப் பக்கம் மட்டும் மண்வெட்டியைக் கொண்டு போகாதீங்க!" என்று கத்தினேன். தொட்டியில்தான் ஒன்றுமே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.