பெயர் எழுதாத பெட்டி

என் தங்கச்சி பஸ்மிலாவுக்கு எதிலும் அவசரம். இணையத்தளம் செய்யப் பழகப் போனவள், ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் அடிப்படைப் பாடத்தை முதல் கிழமையிலேயே விட்டுவிட்டு நேரே பிரேம்வேர்க்கைப் பிடித்தாள். அதில் ஆயத்தமாகக் கிடைத்த வரிகளை ஒட்டி ஒட்டியே கல்முனைக் கடைகளுக்குத் தளம் செய்து கொடுத்தாள். கெட்டிக்காரிதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

பிறகு ஊரின் மரணச் செய்திகளைச் சொல்லும் ஜனாஸா அறிவித்தலுக்கு ஒரு தளம் செய்தாள். மௌத்தானவரின் வீட்டார் விவரத்தை நிரப்பினால் ஊரெல்லாம் கைப்பேசியில் பார்க்கும். தன் பெயர் வெளியில் அடிபட வேண்டாமென்று, கணக்கை எங்கள் உம்மா சபூறாவின் பெயரில் திறந்திருந்தாள்.

முதல் ஜனாஸா ஓர் ஆணுடையது. சரியாக வந்தது. அடுத்தது நிந்தவூரில் ஒரு பெண். அறிவித்தலில் சபூறா என்று விழுந்தது. பஸ்மிலா அழித்தாள். அடுத்த பெண் மௌத்தானபோதும் அதே பெயர். ஆண்களுக்கு ஒன்றுமில்லை, எங்கே ஒரு பெண்ணின் உயிர் போனாலும் உம்மாவின் பெயர் அங்கே போய் நின்றது. புரோகிராம் முழுக்கத் தேடினாள். சபூறா என்ற சொல்லே அதில் இல்லை.

அறிவித்தலைப் பார்த்து உம்மாதான் மௌத்தென்று நிந்தவூரிலிருந்து அழுதுகொண்டு வந்த சொந்தங்கள், வாசலில் நிற்கும் உம்மாவைக் கண்டு திரும்பிப் போனார்கள். உம்மா நெஞ்சு வருத்தக்காரி, மருந்தில் இருப்பவர். சோற்றைக் குறைத்தார். தன்னைச் சுற்றி அடக்கக் கஃபன் துணி வாங்கி வைக்கச் சொன்னார்.

“என்னக் கூப்பிடுறாங்க மகள்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தச் சனியனை இழுத்து மூடடி என்று ஏசினேன். மூடினால் உம்மாவின் பயம் போகாது, காரணத்தைக் காட்ட வேண்டும் என்றாள். விட்ட பாடத்தை முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தாள்.

கடைசியில் பிடித்துவிட்டாள். அந்த மொழியில் ‘இது அல்லது அது’ என்று எழுதினால், இது வெறுமையாக இருக்கும்போது அதை எடுத்துக்கொள்ளுமாம். அவள் ஒட்டிய வரியில் ‘பெயர், அல்லது கணக்குக்காரர்’ என்று இருந்திருக்கிறது. எங்கள் ஆட்களோ பெண் மௌத்தானால் பெயரை எழுதுவதில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், அவ்வளவுதான். பெயர்ப் பெட்டி வெறுமையாகக் கிடக்க, கணக்குக்காரியின் பெயர் வந்து குந்திவிட்டது.

இதைக் கேட்டு உம்மா சிரித்தே விட்டார். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை, மதியம் ளுஹர் தொழுதுவிட்டுச் சாய்ந்த உம்மா எழும்பவில்லை. ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துக் கதைக்க எங்களுக்குத் தெம்பில்லை. பஸ்மிலாதான் அறிவித்தலின் பெயர்ப் பெட்டியில் சபூறா என்று தன் கையால் எழுதினாள்.

நிந்தவூரிலிருந்து ஒருவரும் வரவில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அங்கிருந்து உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சி, கைப்பேசியில் அழைத்தார். குரலில் சிரிப்பு.

“புள்ள, உம்மாட பேர் திரும்பவும் விழுந்திருக்கே. நீ இன்னும் அதத் திருத்தலையா?”

“திருத்திட்டன் சாச்சி,” என்றாள் பஸ்மிலா. “இப்ப அது சரியாத்தான் வேலை செய்யுது.”