எல்லப்பன் எழுதிய பாலத்து மனு

வண்டி ஒன்று ஓடையில் இறங்கினால் எல்லப்பன் பேச்சை நிறுத்திவிடுவார். மாடுகள் அக்கரை ஏறும்வரை வாய் திறக்கமாட்டார். ஏறியதும் நோட்டில் ஒரு கோடு போடுவார். பேச்சுக்கொடுக்க வந்தவர் அதற்குள் நடையைக் கட்டியிருப்பார்.

வடக்குப்பட்டு ஊராட்சிக்கு அவர்தான் எழுத்தர். ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்ட அரசாங்க மானியம் கேட்டு அவர் எழுதிய மனு, ஒன்றிய ஆபீசிலிருந்து இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. முதலில் வரைபடம் இல்லை என்றார்கள். பிறகு, ஓடையை நாளொன்றுக்கு எத்தனை வண்டி, எத்தனை ஆள் கடக்கிறது என்ற விவரம் இல்லை என்றார்கள். அதற்காகத்தான் ஏழு நாளாக விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கரையில் உட்கார்ந்திருந்தார். குடையைத் தலைக்குப் பிடிக்காமல் நோட்டுக்குப் பிடிப்பார். கேட்டால், "நா கறுத்தா இன்னா? மை வெளுத்துட்டா ஆபீசருக்குத் தெரியாதே" என்பார்.

காலையில் ஒரே உலை. அதில்தான் இரண்டு வேளையும். தூக்கில் கொண்டுவந்த சோற்றை ஓடையைப் பார்த்தபடியே சாப்பிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் அவர் மனைவி பாஞ்சாலிக்குக் காய்ச்சல் கண்டது. ஓடையில் கழுத்தளவு வெள்ளம். எவ்வளவு தட்டியும் மாடுகள் இறங்கவில்லை. பாஞ்சாலியை வண்டியில் படுக்கவைத்துக்கொண்டு, தண்ணீர் வடியட்டும் என்று கரையிலேயே காத்திருந்தார். வடிந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசியம் தீர்ந்துபோயிருந்தது. அதையும் மனுவில் எழுதச் சொன்னார்கள் ஊரார். அவர் ஒப்பவில்லை. "அது என் வூட்டு சேதி. பாலம் ஊருக்கு" என்றார்.

எட்டாம் நாள் காலை ஒன்றிய ஆபீசில் குமாஸ்தா சுப்பிரமணி, எல்லப்பன் நீட்டிய மனுவைப் புரட்டினார். வரைபடம் இருந்தது. வண்டி விவரமும் இருந்தது. 'பயன்பெறும் குடும்பங்கள் 113' என்ற வரியைப் படித்துவிட்டு, கூடவே வைத்திருந்த வீட்டுப் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது: எல்லப்பன், ஆள் ஒன்று. ஊரில் ஒற்றை ஆளாய் இருக்கும் வீடு அது ஒன்றுதான்.

சுப்பிரமணிக்குச் சங்கடமாக இருந்தது. "ஒண்டி ஆளைக் குடும்பம்னு சேக்க மாட்டாங்கண்ணே. இப்டியே மேல போனா மறுபடியும் திருப்பிடுவாங்க. அதை மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா இன்னிக்கே அனுப்பிடறேன்."

எல்லப்பன் தம் பெயரைச் சற்று நேரம் பார்த்தார். பேனாவைத் திறந்து, ஒரே கோட்டில் தம் பெயரை அடித்தார். 113ஐ 112 ஆக்கினார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், விதிப்படி, சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதினார்.