தங்கவேல் அண்ணனின் துண்டும் நம் காம்ப்ளெக்ஸும்

தங்கவேல் அண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் மடத்துக்குளத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கான்கிரீட் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா அனுப்பியிருந்தார். கடைக்காரர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த படம். அண்ணன் தோளில் துண்டோடு சிரிக்கிறார்; கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். கலவை இயந்திரத்தின் இரைச்சலில் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்போது இந்த மனுஷன் எப்படிப் போகலாம் என்று கோபம்.

காரியத்தன்று கொடுக்கும் நினைவு மலருக்கு நான்கு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் இதைப் படிக்கப்போகிற நீங்கள் அன்று என்னோடு அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். உங்களிடம் நான் பூசி மெழுக முடியாது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தச் சங்கடமே இல்லை.

ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் இருந்த நம் பழைய பனியன் காம்ப்ளெக்ஸை நினைத்துப் பாருங்கள். நடுவில் முற்றம், மேலே தகரம், சுற்றிலும் கடைகள். வாசல் ஒன்றே ஒன்று. வாசலை ஒட்டிய முதல் கடை அண்ணனுடையது. கடைசி வரிசையில், பகலிலும் விளக்கு எரிய வேண்டிய இருட்டில், என் அப்பா ஜேசுராஜின் செகண்ட்ஸ் கடை. கம்பெனிகள் கழித்துப்போட்ட பனியன்களை வாங்கி விற்கும் கடை. வெளியூர் வியாபாரிகள் முன்வரிசையிலேயே பண்டல் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பின்வரிசைக்கு வழி தவறியவர்கள்தான் வருவார்கள். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த என் அப்பாவுக்கு அவர் அண்ணன். மகளான எனக்கும் அவர் அண்ணன்தான். இது என்ன முறை என்று யாரும் கேட்டதில்லை.

கட்டடக்கலைப் படிப்பின் கடைசி வருடத்தில் கூடப் படித்தவர்கள் எல்லாம் விமான நிலையம், அருங்காட்சியகம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் நம் காம்ப்ளெக்ஸை எடுத்தேன். இடிக்காமல், இருப்பதை வைத்தே சீர்திருத்துவது என் திட்டம். அளவெடுக்கப் போன முதல் நாளே முன்வரிசையில் ஒருவர் என்னை வரிக்காரர்கள் அனுப்பிய ஆள் என்று நினைத்து ஷட்டரை இறக்கினார். அண்ணன்தான் வந்து, டேப்பின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு, கடை கடையாக என்னை அழைத்துப் போனார். "நம்ம ஜேசுராஜு புள்ளைங்க. நம்ம காம்ப்ளெக்ஸை அழகு பண்ணப் போகுது. அளந்துக்கட்டும் உடுங்க" என்று ஒவ்வொரு கடையிலும் சொன்னார். அன்று அவர் கடையில் வியாபாரமே நடந்திருக்காது. டீயும் வடையும் வேறு அவர் செலவு.

அவர் உடுமலைப் பக்கத்து மாட்டுத் தரகர் வீட்டுப் பிள்ளை. பனியன் வியாபாரத்துக்கு வந்த பிறகும் தோளில் துண்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பழகிய வியாபாரி வந்தால் சந்தையில் மாட்டுக்குப் பேசுவதுபோல் துண்டைக் கைமேல் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். எனக்கும் ஒருநாள் காட்டிக்கொடுத்தார். விரலைப் பிடித்தால் தொகை, முழுக் கையையும் பற்றினால் சம்மதம், கையை உருவிக்கொண்டால் பேரம் முறிந்தது. "வர்ற ஆளை உக்கார வெச்சுட்டா பாதி ஏவாரம் முடிஞ்சுது கண்ணு. மீதிப் பாதி துண்டுக்குள்ள" என்பார். உள்ளே பேசியதை வெளியே யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் அது இரண்டு பேருக்கும் அவமரியாதை என்றும் சொன்னார். நம் ஊர்க்காரர்கள் அதைச் சட்டத்தைவிடப் பெரிதாக மதிப்பார்கள் என்பது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

என் திட்டம் சிக்கலானதல்ல. தகரத்தை எடுத்துவிட்டு முற்றத்துக்கு வெளிச்சம் விடுவது. மூலையில் கழிப்பறை பக்கம் ஒளிந்துகிடந்த மாடிப்படியை முற்றத்தின் நடுவுக்குக் கொண்டுவருவது. பின்சுவரில் இரண்டாவது வாசல் திறப்பது. பின்னால் உள்ள சந்தில்தான் சரக்கு ஆட்டோக்களும் கம்பெனி வேன்களும் நிற்கும். அங்கே வாசல் வந்தால் பின்வரிசையும் ஒரு முன்வரிசை ஆகிவிடும். அட்டையில் மாதிரி செய்து முதலில் அண்ணனிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குட்டிப் பின்வாசல் வழியாக உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பின்னாடி கடைக்காரனும் பொழைக்கோணுமில்ல கண்ணு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காம்ப்ளெக்ஸ் ஓனர் கட்டடத்தை ஏதாவது செய்யப் போவதாகப் பேச்சு வந்தது. பின்வரிசைக்காரர்கள் தூக்கமில்லாமல் இருந்தார்கள். என் மாதிரியைக் காட்டி, யாரையும் வெளியேற்றாமலே இடத்தைச் சீராக்கலாம் என்று ஓனரிடம் பேசுவதாக அண்ணன் முன்வந்தார். சங்கத்துக்குச் செயலாளர் அவர்தான். என் அப்பா மற்றவர்களிடம், "அண்ணன் இருக்காக, பாத்துக்கிடுவாக" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கூட்டம் முற்றத்தில் நடந்தது. நடுவில் மேசை, மேசைமேல் என் அட்டை மாதிரி. நான் விளக்கிச் சொன்னேன். ஓனர் தலையாட்டினார். கட்டடத்தை இப்படியே வைத்துக்கொள்வதில் தனக்கு என்ன வரும் என்று கேட்டார். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அப்போது அண்ணன் எழுந்துபோய் ஓனர் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டார். கூட்டமே சிரித்தது. ஓனரும் சிரித்தார். எங்களுக்காக அண்ணன் சந்தைக்கு இறங்கிவிட்டார் என்று நினைத்தோம். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கடைசியில் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்றார். எல்லாரும் கை தட்டினோம். என்ன முடிந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை.

என்ன முடிந்தது என்பது வேலை தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. தகரத்தை எடுத்தார்கள், படியை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள், பின்சுவரைத் திறந்தார்கள். எல்லாம் என் வரைபடம்தான். ஆனால் பின்வாசலை மட்டும் வைத்துக்கொண்டு, பின்வரிசைக் கடைகளை மொத்தமாக எடுத்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். அந்த வரிசையில் ஒரே ஒரு மூலை மட்டும் கடையாக மிஞ்சியது. அதில் அண்ணனின் இரண்டாவது கடை வந்தது. இப்போது யார் எந்த வாசலில் வந்தாலும் அவர் கடையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

எனக்குக் கல்லூரியில் அந்தத் திட்டத்துக்கு நல்ல பாராட்டு. இங்கே கடையைக் காலி செய்துகொண்டிருந்தவர்கள் என் அப்பாவிடம், உங்கள் பிள்ளை போட்ட பிளான்தானே என்றார்கள். எங்களோடு சேர்ந்து கை தட்டியவர்கள் அவர்கள். அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. இடித்தவர்கள் கையில் இருந்ததும் என் வரைபடம்தானே. அப்பா பண்டல்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றினார். பிறகு வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு வேலைக்குப் போனார். பிறர் கழித்த துணியை விற்றவர், பிறர் துணியைக் கழிக்கும் வேலைக்கு வந்தார். ஒருநாள் சாப்பிடும்போது மட்டும், "என்ன பேசுனீகன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அவுக முகம் கோணுமேன்னு கேக்கல" என்றார்.

நான் கேட்டேன். அவருடைய புதுக் கடைக்கே போய்க் கேட்டேன். என் வரைபடத்தால் அவருடைய முதல் கடைக்கு மதிப்புக் குறையும் என்ற பயமா, ஓனர் மிரட்டினாரா, எங்களுக்காகக் கேட்டுக் கிடைக்காமல் தனக்காவது இருக்கட்டும் என்று முடித்தாரா? எதுவாக இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் எனக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டார். டீ சொன்னார். பிறகு, "துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றது முறையில்ல கண்ணு" என்றார். அந்த ஸ்டூலில் நான் உட்காரவில்லை. திருடியவரைக்கூட மன்னித்திருப்பேன். திருடிவிட்டு முறை பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பார்த்தது போன மாதம் ஆஸ்பத்திரியில்தான். என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். போகமாட்டேன் என்றேன். அப்பாதான் பழம் வாங்கிக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார். அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். நான் கட்டின கட்டடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி விசாரித்தார். எதையும் விடவில்லை, எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருந்தார். பிறகு தலையணைப் பக்கத்திலிருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, தன் கையையும் அதற்குள் கொண்டுவந்தார். எந்த விரலையும் பிடிக்கவில்லை. உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, "நீ சொல்லு கண்ணு. என்ன கேட்டாலும் சரி" என்றார்.

கேட்க எனக்கு ஒன்றுதான் இருந்தது. அன்று ஓனரோடு என்ன பேசினீர்கள் என்பதைச் சங்கத்தில் எல்லார் முன்னாலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள், என் அப்பா காதில் விழும்படி சொல்லுங்கள், போதும் என்றேன். "அது மட்டும் வேண்டாஞ் சாமி" என்றார். என்னை அவர் சாமி என்று சொன்னது அன்றுதான்.

நான் கையை உருவிக்கொண்டேன்.

இப்போது நான் எந்தக் கடை வளாகத்துக்கு வேலை செய்தாலும், கட்டட ஓனரும் கடைக்காரர்களும் பேசும்போது தனிப்பேச்சுக்கு விடுவதில்லை. பேசுவதை எல்லாரும் கேட்கப் பேசச் சொல்கிறேன். முகம் கோணினால் கோணட்டும். பின்வரிசை இருட்டாக இருக்கும் வரைபடத்தை என் அலுவலகத்தில் யாரும் என்னிடம் கொண்டுவர முடியாது. இரண்டும் அவரால் வந்தவை. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக என்னோடு நடந்தவரும் அவர்தான். அவரை நான் மன்னிக்கவில்லை. அவர் இல்லாதது எனக்கு வலிக்கிறது. நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் இரண்டும் உண்மை.

அன்று வார்டு வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பேரத்தை முறித்தவள் நான். அவர் கையை எடுக்கவே இல்லை. துண்டுக்கு அடியில் அது அப்படியே விரிந்திருந்தது.