ஒரே கூரை என்று வரைந்தேன்

செயற்கைக்கோள் எங்கள் ஊருக்கு மேலே கடந்து போகும் நேரம் காலை பத்தரை. அதனால் நான் பார்க்கிற பம்பாயில் எந்த நாளும் காலை பத்தரைதான். நிழல்கள் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கும். ரயில் கூட்டம் அடங்கியிருக்கும், குழாயில் தண்ணீர் நின்றிருக்கும், வீட்டில் இருப்பவர்கள் உள்ளே இருப்பார்கள். ஆள் யாரும் தெரியமாட்டார்கள். மனிதர்களைப் பிடிக்கிற அளவுக்கு நாங்கள் வாங்கும் படங்களில் கூர்மை கிடையாது. பதினைந்து வருஷமாக இந்த ஆளில்லாத ஊரைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அலுவலகம் சான்பாடாவில் இருக்கிறது. என் நாற்காலி போட்டிருக்கும் இடம் பழைய படங்களில் வெறும் சேறு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தேடுகிறார்கள். வருஷத்தை முன்னும் பின்னும் தள்ளி, கடற்கழி ஒடுங்குவதையும் அலையாத்திக் காடு பின்வாங்குவதையும் குப்பை மேடு வளர்வதையும் பார்த்து வாய் பிளக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வரும். ஒரு தெரு இருந்தது, அடுத்த படத்தில் இல்லை, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் அப்படி வேடிக்கை பார்ப்பதில்லை. எனக்கு அந்தப் படங்களைக் கண்டால் பயம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் வேலை லேசானது. படத்தில் தெரிகிற ஒவ்வொரு கூரையைச் சுற்றியும் மௌஸால் கோடு இழுத்து மூட வேண்டும். அதற்குப் பாலிகன் என்று பெயர். ஒரு கூரைக்கு ஒரு பாலிகன், ஒரு பாலிகனுக்கு ஒரு எண். குடிசைப் பகுதியை இடித்துக் கட்டும்போது, குறிப்பிட்ட ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே அங்கே வீடு இருந்தவர்களுக்குத்தான் புது வீடு. அந்த வருஷத்துக்கு முந்தைய படத்தில் உங்கள் கூரைக்கு எண் இருந்தால் நீங்கள் இருந்தீர்கள். இல்லாவிட்டால், வேறு காகிதம் இருந்தால் காட்டலாம்.

சில வருஷங்களுக்கு முன் தாராவியின் பழைய படம் எங்களிடம் வந்தது. ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்தார்கள். எங்கள் தெரு இருக்கிற துண்டை எனக்குத் தரும்படி மேலாளரிடம் கேட்டு வாங்கினேன். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். வாப்பாவின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்து தங்கிவிட்டது. அந்தப் படம் எடுத்தபோது நான் சயானில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். வாப்பா உயிரோடு இருந்தார். கூரைக்குக் கீழே தையல் மெஷினில் உட்கார்ந்து பைகளுக்கு வார் தைத்துக்கொண்டிருந்திருப்பார்.

தெருவைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. பள்ளிவாசலின் வெள்ளைத் தளம், அங்கிருந்து மூன்று சந்து, நாலாவதில் திரும்பினால் பெரிய நீலக் கட்டம். எங்கள் தார்ப்பாய். மே மாதம் முடிவதற்குள் தாராவியில் எல்லாக் கூரை மேலும் நீலத் தார்ப்பாய் ஏறிவிடும். மழைக்காலம் முழுக்க மேகம் மறைப்பதால் படம் கிடைக்காது. இந்தப் படம் மழை விட்டதும் அக்டோபரில் எடுத்தது. தார்ப்பாயை யாரும் இன்னும் இறக்கவில்லை. எங்களுடையது அந்தச் சந்திலேயே பெரியது. மேலே ஏறிக் கல்லும் டயரும் வைத்தது வாப்பாவும் தம்பியும், கயிறு எடுத்துக் கொடுத்தது நான். திரையில் அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. தலையைக் குனிந்து கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, மூலை பிசகாமல் சுற்றிலும் கோடு இழுத்தேன். அன்றைக்கு நான் வரைந்ததிலேயே நேர்த்தியானது அதுதான்.

நாங்கள் வரைந்ததைச் சரிபார்க்க ஒரு மராத்திப் பையன் இருந்தான். எங்கள் தெருவை அவன் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. என் மேசைக்கு வந்து, இந்த ஒன்று மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு இருக்கிறதே, கீழே இரண்டு வீடு இருக்குமோ என்று இந்தியில் கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யே மேரா கர் ஹை. என் வீடு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான். நான் குறிப்புப் பெட்டியில், இடத்தை நேரில் அறிந்தவர் சொல்வதன்படி ஒரே வீடு என்று எழுதிச் சேமித்தேன். அன்று வீட்டுக்குப் போய் உம்மாவிடம், வாப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது என்று சொன்னேன். உம்மாவும் அழுதாள்.

அந்தத் தார்ப்பாயின் கீழே இரண்டு வீடுகள் இருந்தன.

எங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் பிரித்தது ஒரு தகரச் சுவர். அங்கே ஒரு அக்கா இருந்தாள். எங்கள் ஜில்லாக்காரிதான். புருஷன் இறந்து, பிள்ளை இல்லாமல், பைகளுக்கு ஜிப் வைத்துக் கொடுத்து வாழ்ந்தாள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்வாடிக்குப் போனவள். பெருநாளன்று எங்கள் வீட்டுச் சேமியாவை முதலில் வாங்குகிறவள். தனித்தனியாக இரண்டு பாய் போட்டால் நடுவில் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கும் என்று வாப்பா ஒரே பெரிய பாயாக வாங்கி இரண்டு கூரைக்கும் சேர்த்து இழுத்துக் கட்டினார். இது எனக்குத் தெரியாத விஷயமா? கயிறு எடுத்துக் கொடுத்தவளே நான்தானே? ஆனால் எங்கள் வீட்டில் அதை எங்கள் தார்ப்பாய் என்றுதான் சொல்லுவோம். படத்தில் வாப்பாவைத் தேடினேன். அக்கா என் நினைவுக்கே வரவில்லை. வெளியாள் ஒருவன் சந்தேகப்பட்டான், அவன் வாயையும் அடைத்தேன்.

இதெல்லாம் எனக்கு உறைத்தது போன வருஷம். அதற்குள் நானும் கணவரும் உம்மாவும் செம்பூரில் வீடு வாங்கி வந்துவிட்டோம். பழைய வீட்டில் தம்பி பை பட்டறை வைத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா செம்பூருக்கு வந்தாள். சயானிலிருந்து பஸ் ஏறி, எங்கள் கட்டடத்தைக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். அறுபது தாண்டியிருந்தாள், மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"லிஸ்டு ஒட்டிட்டானுவ. எம்பேரு இல்ல. கேட்டா, அந்த வருசத்துப் படத்துல அங்கன ஒனக்கு வீடே இல்லங்கான். நான் நாப்பது வருசமா எங்கதாம்ட்டி இருந்தேன்?"

"வேற காகிதம் எதுவும் இல்லியாக்கா?"

"என்ன காகிதம் இருக்கு? ரேசன் கார்டு எங்க வீட்டுக்காரவுக ஊருல போட்டது. கரண்டு ஒங்க மீட்டருல இருந்துதான. தண்ணியும் ஒங்க குழாய்தான். நீ படத்துலதான வேல பாக்க. கொஞ்சம் பாத்துச் சொல்லு."

உம்மா அடுப்படியிலிருந்து, அதெல்லாம் இவ பாத்துருவா, நீ கவலப்படாத என்று குரல் கொடுத்தாள். நீலக் கட்டம் கண் முன்னால் வந்து நின்றது. தட்டில் சோறு போட்டுக் கொடுத்தேன். அக்கா சாப்பிடுகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன். விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் பழைய கோப்பைத் திறந்தேன். நான் வரைந்தது வரைந்தபடியே இருந்தது. கீழே என் பெயரும் என் குறிப்பும் இருந்தன. அடுத்த படம் இரண்டு வருஷம் கழித்து ஒரு ஏப்ரலில் எடுத்தது. அதில் தார்ப்பாய் இல்லை. இரண்டு தகரக் கூரைகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஆகவே இரண்டாவது வீடு பின்னால் முளைத்தது என்று கணக்கு ஆகியிருக்கிறது. பெரிய பாலிகன் முழுவதும் வாப்பா பெயரில், அதாவது தம்பி பெயரில், தகுதியானது என்று வந்திருந்தது. என் கோட்டினால் அக்கா வீடு போனது மட்டுமில்லை, அந்த இடமே எங்கள் வீட்டுக் கணக்கில் ஏறியிருக்கிறது.

அன்றே மேலாளரிடம் போனேன். தப்பு என்னுடையது, கீழே இரண்டு வீடு இருந்தது, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். வேலை ஒப்படைத்துப் பணம் வாங்கியாகிவிட்டது, இனி ஒரு கோட்டைத் தொட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்காரனும் வந்து நிற்பான் என்றார். நான் விடவில்லை. மேலே அனுப்பச் சொல்லிக் கத்தினேன். அனுப்பினார். ஒரு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. படத்தில் காண்பதே முடிவு, அந்த இடத்தோடு சொந்தத் தொடர்பு உள்ளவர் சொல்வதை ஏற்க இயலாது.

தம்பிக்கு போன் செய்தேன். நம் இடத்தில் பாதி அக்காவுடையது என்று நீயாவது எழுதிக் கொடு என்றேன்.

"நீ ஏன் லாத்தா அத நோண்டுத? சோட் தோ நா, விட்டுரு. நம்ம பேரு வந்துட்டுல்லா. எழுதிக் குடுத்தா ரெண்டையும் நிறுத்தி வச்சிருவானுவ."

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் அவனை நான் வற்புறுத்தவில்லை.

அந்த நாட்களில் வேலை செய்யவே முடியவில்லை. எந்தக் கூரையைப் பார்த்தாலும் இதற்குக் கீழே எத்தனை குடும்பம் என்று கை நின்றுவிடும். மாட்டுங்காவில், சயானில், ஊர் பேர் தெரியாத இடங்களில், நான் இதுவரை மூடிய கட்டங்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. எத்தனை நீலத்தைச் சுற்றி எத்தனை முறை கோடு இழுத்திருப்பேன்? அங்கெல்லாம் என்னிடம் வந்து கேட்க யாருக்கும் வழி கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்டோபர் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முன்பு அதில் வாப்பா இருந்தார். இப்போது அவரை நினைக்கப் பார்த்தாலும், தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜிப் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருத்திதான் வருகிறாள். பத்தரை மணிக்கு அவள் வேறு எங்கே இருந்திருக்கப் போகிறாள்?

இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தாராவிக்குப் போனேன். அக்கா வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். தம்பியின் பட்டறையிலிருந்து மெஷின் சத்தம் தகரத்தைத் தாண்டிக் கேட்டது. நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

"அக்கா, அந்தப் படத்துல கோடு போட்டது நான்தான். ரெண்டு வீட்டையும் ஒண்ணா வரைஞ்சுட்டேன். ஒருத்தன் கேட்டான். ஒரே வீடுன்னு நாந்தான் சொன்னேன்."

அவளுக்கு விளங்க நேரம் ஆயிற்று. போனில் படத்தைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பெரிதாக்கிப் பார்த்தாள். எங்கே என்று கேட்டாள், நீலத்தின் வலது பக்கத்தைக் காட்டினேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"எங்க வீட்டுக்காரவுக செத்த வருசம்" என்றாள். "பாயி வாங்க எங்கிட்ட ஒண்ணும் கெடையாது. ஒங்க வாப்பா வந்து நின்னு, ஒரே பாயா வாங்கிட்டேன், ரெண்டு வீட்டுக்கும் காணும்னாவ. எனக்காவத்தாம்ட்டி அம்புட்டுப் பெருசா வாங்குனாவ."

போனை என் கையில் கொடுத்துவிட்டு, சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்துக் கயிற்றைச் சுற்றினாள்.

"அப்பம் மேல இருந்து பாத்தா நான் ஒங்க வீட்டுக்குள்ளதான் இருக்கேன்."

"ஆமாக்கா."

"சரி. இப்பம் நான் எங்க வரணும், சொல்லு."

கேலி இல்லை அதில். நிஜமாகவே கேட்டாள். பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பூர் வீட்டில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை. ஒன்று மகனுடையது. அவன் புனேயில் படிக்கிறான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் இருப்பான். மற்ற நாளில் அங்கே துணி காய்கிறது. எங்கூட வாங்கக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். கணவர் என்ன சொல்வார், வந்தால் எத்தனை நாள், உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

"பாக்கலாம்க்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சாக்கை வாசல் பக்கம் நகர்த்த ஒரு கை பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.