கரண்ட் போன நேரத்து கோல்

சீசனின் முதல் ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றதற்கு நான்தான் காரணம். இதில் அடக்கமெல்லாம் ஒன்றுமில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், சிலர் என் முகத்துக்கு நேராகவே.

நாங்கள் பதினொரு பேரும் நகரியில் ஒரே ஷெட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தறிக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் போய்ச் சத்தம் அடங்கினால், அந்த நொடியே கை நீண்டு ஹேண்டிலைத் தள்ளிவிடும். தள்ளாமல் விட்டால் கரண்ட் திரும்பும்போது தறி தன்பாட்டுக்கு ஓடி இழையை அறுத்துவிடும். வருஷக்கணக்கில் செய்தபின் அதற்கு யோசனை தேவைப்படுவதில்லை.

திருப்பதி மைதானத்தில் அன்று மைக்கில் ஒருவர் தெலுங்கில் மூச்சுவிடாமல் வர்ணித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும், கரண்ட் போனது. மைக் அடங்கியது. கடைசித் தடுப்பாளனான என் கால் நின்றது. வலது கை பக்கவாட்டில் நீண்டு, அங்கே இல்லாத ஹேண்டிலைத் தேடியது. எதிரணிக்காரன் என்னைச் சுற்றிக்கொண்டு போய் கோல் போட்டான். எங்களில் இன்னும் ஆறு பேர் அப்படித்தான் நின்றிருந்தார்கள். பந்து அவர்கள் பக்கம் வராததால் தப்பித்துக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் எங்கள் கேப்டன். கோல்கீப்பரும் அவன்தான், என் மாமன் மகனும் அவன்தான். வடமாலபேட்டை தாண்டும்போது வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.

"வுடு மச்சான், மொத மேட்ச்தானே. இன்னும் எத்தினி மேட்ச் கீது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "வாய மூடிக்கினு கடலைய துன்னு" என்றேன். அவன் நிஜமாகவே தின்றான். புத்தூர் வரைக்கும் ரசித்துத் தின்றான்.

திங்கட்கிழமை ஓனர் ஷெட்டுக்கு வந்தார். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுத்தவர் அவர்தான். "சரே, இன்னொண்ணு ஆடுங்க. அதுவும் தோத்தீங்கன்னா ஞாயித்துக்கிழமை பேசாம தறிக்கு வந்துடுங்கபா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் என் காது எனக்குச் சொந்தம். அதை நானே பதினொரு பேரிடமிருந்தும் பிடுங்கிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கேப்டனுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு ஸ்பீக்கரோடு மைதானத்துக்கு வந்தான். பாட்டை அலறவிட்டு எங்களை ஓடச் சொல்வான். திடீரென்று நிறுத்துவான். யார் கால் நிற்கிறதோ அவனுக்கு இன்னும் இரண்டு சுற்று. முதல் நாள் ஏழு பேர் நின்றோம். சனிக்கிழமை நான் ஒருவன் மட்டும் நின்றேன்.

"பின்னால நின்னாதானே கோலு வுடுவே? நாளைக்கு முன்னால ஆடு" என்றான். அதையும் ஏதோ பதவி உயர்வு மாதிரி சொன்னான், பாவி.

இரண்டாவது ஆட்டமும் அதே மைதானம், அதே மைக். எதிரே நாராயணவனத்து அணி. அவர்களுக்கு அதுதான் முதல் ஆட்டம். எங்களைவிட நன்றாகவே ஆடினார்கள். கடைசிவரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஓனர் வேறு வந்து நிழலில் நின்றுகொண்டிருந்தார். பந்து என் காலுக்கு வந்தபோது மைக் அடங்கியது.

இந்த முறை என் கால் நிற்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எதிரே அவர்களுடைய கடைசித் தடுப்பாளன், என் வயதுக்காரன், அசையாமல் நின்றான். அவன் வலது கை பக்கவாட்டில் நீண்டது. ஐயோ, இவனும் தறிக்காரன்! அந்தக் கையைத் தாண்டித்தான் ஓடி கோல் போட்டேன். அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். ஓனர் தலையை ஆட்டிவிட்டு பைக்கில் ஏறிப் போனார். ஞாயிற்றுக்கிழமை தப்பித்தது.

எங்கள் ஆட்கள் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அந்தத் தடுப்பாளன் தனியாக கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"வுடுண்ணா, மொத மேட்ச்தானே."

அவன் பார்த்த பார்வைக்கு என் கன்னம் பழுக்காதது அதிசயம். அதனால் பாட்டு, ஸ்பீக்கர், இரண்டு சுற்று எல்லாவற்றையும் அவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு வாரம் போதும் என்றும் சொன்னேன். அவன் மூன்று தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டான்.

பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னபோது கேப்டன் கையிலிருந்த கடலையைப் பொட்டலத்திலேயே போட்டுவிட்டான்.

"அட பாவி, அவங்களோட நமக்கு இன்னொரு மேட்ச் கீதுடா! அப்ப தோத்துட்டா?"

பொட்டலத்தை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"அதுக்கப்பறமும் மேட்ச் கீதே மச்சான்" என்றேன்.

புத்தூர் வரைக்கும் ரசித்துத் தின்றேன்.